சுட்ட மண்ணின் காந்தம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எருசலேமைத் தலைநகராகக் கொண்ட பண்டைய யூதா நாட்டின், முத்திரை குத்திய சாடிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அவற்றின் காதுகளை (கைப்பிடிகளை)க் கொண்டு 2700 ஆண்டுகளுக்கு முந்தைய பூமியின் காந்தப்புல வலிமையைக் கணக்கிட்டிருப்பதாக ஒரு வரி வருகிறது. எனக்கு மூன்று சந்தேகம். சூளையில் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்றே தெரியாத உடைந்த ஓடு எப்படிச் சாட்சி சொல்லும்? அளப்பதற்காக அதை மறுபடி சுடுகிறார்களாமே, பழைய காந்தம் அழிந்துபோகாதா? எங்கள் ஊர்ச் செங்கல்லில் இதைச் செய்து பார்க்க முடியுமா?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

பழைய காந்தம் அழிந்துதான் போகும். அழிப்பதுதான் வேலையே. ஆனால் ஒரேயடியாக அல்ல. படிப்படியாகச் சூடேற்றி, ஒவ்வொரு படியிலும் போனது எவ்வளவு, அதே சூட்டில் புதிதாக ஏறுவது எவ்வளவு என்று குறித்துக்கொண்டே அழிக்கிறார்கள்.

களிமண்ணில் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் உண்டு. மாக்னடைட் சுமார் 580 டிகிரியிலும் ஹெமடைட் சுமார் 675 டிகிரியிலும் காந்தத்தை விட்டுவிடும். சூளை ஆறும்போது ஒவ்வொரு துகளும் தனக்குரிய வெப்பநிலையைத் தாண்டி இறங்குகையில் அன்றைய புலத்தை வாங்கி உறைந்துவிடுகிறது. புவிக்காந்தம் போன்ற மெலிந்த புலத்தில், வாங்கும் காந்தம் புலத்தின் வலிமைக்கு நேர்விகிதம். மொத்த முறையும் இதன் மேல்தான் நிற்கிறது. அன்றைய புலத்தின் திசை வேண்டுமென்றால் ஓடு சூளையில் இருந்த கோலம் தெரிந்தாக வேண்டும். வலிமைக்கு அது தேவையில்லை. ஒரே சில்லின் பழைய காந்தத்தைப் புதியதோடு ஒப்பிடுவதால் அதன் எடைகூடத் தேவையில்லை.

இன்று பெரும்பாலோர் செய்வது, எமில் – ஓடெட் தெல்லியே தம்பதி 1959இல் விரிவாக வெளியிட்ட முறையின் ஏதாவதொரு வடிவம். சாடிக் காதிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் அளவில் நாலைந்து சில்லுகளை உடைத்து, கண்ணாடி இழைத் தாளில் சுற்றி, சிறு கண்ணாடிக் குப்பிக்குள் பொட்டாசியம் சிலிக்கேட் பசையால் ஒட்டுகிறார்கள். நடுவில் சில்லு அசைந்தால் அத்தனையும் வீண். முதலில் 100 டிகிரிக்குச் சூடாக்கி, வெளிப்புலம் நுழையாதபடி தடுத்த அடுப்பில் ஆறவிட்டு, மிஞ்சிய காந்தத்தை அளக்க வேண்டும். பிறகு அதே 100 டிகிரிக்கு ஏற்றி, இம்முறை கம்பிச்சுருளால் 50 மைக்ரோடெஸ்லா (புல வலிமையின் அலகு) புலம் கொடுத்து ஆறவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அடுத்து 150, 200 என்று 500 வரை. அதற்கு மேல் 20 டிகிரி இடைவெளியில் 600 வரை. சரிபார்க்கும் சூடுகளையும் சேர்த்தால் ஒரு சில்லு முப்பது தடவைக்கு மேல் அடுப்பேறும்.

மிஞ்சிய பழைய காந்தம் நெட்டச்சில், ஏறிய புதிய காந்தம் கிடையச்சில். இதற்கு அராய் வரைபடம் என்று பெயர். 300 டிகிரிக்கும் 500 டிகிரிக்கும் இடையில் 48 பங்கு போய் 30 பங்கு ஏறியிருந்தால் சாய்வு 1.6. அதை 50ஆல் பெருக்கினால் 80 மைக்ரோடெஸ்லா. புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

பெரும்பாலும் விழாது. முதல் காரணம், சூடாக்கும்போது சில்லே மாறிப்போவது. சூளையில் காற்றுப் போதாமல் நடுப்பகுதி கறுத்த ஓடு, ஆய்வக அடுப்பின் காற்றில் சிவக்கத் தொடங்கும். வெளியே தெரிவது நிறம். உள்ளே மாறுவது தாது. புதிதாக மாக்னடைட் விளைந்தால் அது ஆய்வகப் புலத்தையும் வாங்கிக்கொள்ளும், சாய்வு குறையும், பண்டைய புலம் உண்மையைவிட மெலிந்ததாகக் காட்டும். இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. 400 டிகிரி முடிந்ததும் திரும்ப 300க்குப் போய்ப் புலம் கொடுத்துப் பார்ப்பது. முன்பு 300இல் ஏறிய அளவே இப்போதும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்தச் சில்லின் மேல்படிகளைக் கழித்துவிட வேண்டியதுதான். இந்தச் சோதனை இல்லாத முடிவை நான் எண்ணாகவே மதிப்பதில்லை.

இரண்டாவது, இடையில் பட்ட தீ. யூதாவின் லாகீசு நகரை கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப்பின் படை எரித்தது. அந்தத் தீயில் 350 டிகிரி வரை சூடான சாடியில், அதற்குக் கீழ்ப்பட்ட பதிவெல்லாம் எரிந்த நாளுக்குரியது. மேற்பட்டதுதான் குயவனின் சூளைக்குரியது. வரைபடக் கோடு 350இல் முறியும், காந்தத்தின் திசையும் அங்கேயே திரும்பும். தினமும் அடுப்பேறிய சமையல் பானையைவிடச் சேமிப்புச் சாடி மேல் என்பது இதனால்தான்.

சாடிக் காதுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பிசைந்து இழுத்து ஒட்டுவதால் துகள்கள் இழுத்த வாக்கில் படிந்திருக்கும். அந்தப் பக்கம் காந்தம் எளிதில் ஏறும். ஆறு நிலைகளில் திருப்பித் திருப்பிப் புலம் கொடுத்து அளந்து திருத்தாவிட்டால் பிழை பத்து சதவீதத்தை எளிதாகத் தாண்டும். ஆறும் வேகமும் கணக்கில் வர வேண்டும். சூளை ஆற ஒரு நாள் ஆகும். ஆய்வக அடுப்பு விசிறிக் காற்றில் அரை மணியில் ஆறிவிடும். மெதுவாக ஆறினால் நுண்துகள்களில் காந்தம் கூடுதலாக ஏறும் என்பதால், திருத்தாத விடை சில சதவீதம் மிகையாகவே இருக்கும்.

இவ்வளவும் சரியாக வந்தாலும் காலம் தெரியாத ஓட்டால் பயனில்லை. யூதா சாடிகளின் பெருமை அங்கேதான். ‘அரசனுக்குரியது’ என்ற முத்திரை யூதா அரசன் எசேக்கியாவின் காலத்தை ஒட்டியது. ரோஜா முத்திரை எருசலேம் வீழ்ந்த கி.மு. 586க்கு முந்தியது, பாரசீக, கிரேக்க ஆட்சிகளில் முத்திரை மீண்டும் மாறுகிறது. 2017இல் தொல்லியலாளர் எரெஸ் பென்-யோசெப் குழு வெளியிட்ட ஆய்வில் இப்படி 67 காதுகள். கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் புலம் மிக உயர்ந்து, 6ஆம் நூற்றாண்டிலிருந்து மெல்லத் தணிந்திருக்கிறது. எருசலேமில் இன்று சுமார் 44 மைக்ரோடெஸ்லா. அன்று ஏறக்குறைய அதன் இரு மடங்கு.

உங்கள் ஊர்ச் செங்கல்லில் தாராளமாகச் செய்யலாம். விடை தெரிந்த புலத்தில் சுட்டதை வைத்து முறையையே பரிசோதிப்பது வழக்கம்தான். தஞ்சாவூரில் அந்த விடை சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஆனால் வீட்டு மின்அடுப்பு உதவாது: அதன் இரும்பு உடலும் சுருளில் ஓடும் மின்சாரமும் தனித்தனியே புலம் உண்டாக்கும். ஆய்வகத்துக்குக் கொடுப்பதானால் காளவாயின் நடு அடுக்கில் முழுக்க வெந்த கல்லாக எடுத்து, ஆற எத்தனை நாள் ஆனது என்பதையும் கேட்டு எழுதி அனுப்புங்கள். பெரிய காளவாய் ஆறப் பல நாள் பிடிக்கும். குளிர்வேகத் திருத்தத்துக்கு அந்தக் கணக்கு வேண்டும்.