மெயிலைப் படித்தேன், பதில் போடவில்லை

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். ஐரோப்பிய பையர் ஒருவர் துணி சுருங்குகிறது என்று சொல்லி, சிங்கப்பூரில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதில் நடுவர் முன் நடக்கும் வழக்கு) போட்டு 3 லட்சம் டாலருக்கும் வட்டிக்கும் அவார்டு, அதாவது நடுவர் தீர்ப்பு, வாங்கிவிட்டார். அவர்கள் ஆளே இன்ஸ்பெக்‌ஷன் பார்த்து ஓகே செய்த சரக்கு அது. நோட்டீஸ் மெயில்கள் வந்தன, படித்தேன், வம்பு வேண்டாம் என்று பதில் போடவில்லை. அவார்டு வந்து 71 நாள் ஆகிறது. இந்திய ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34வது பிரிவில் இங்கே ரத்து செய்யலாமா?

பதில்: முடியாது. ஒப்பந்தத்தில் சீட், அதாவது ஆர்பிட்ரேஷனுக்குச் சட்டப்படியான இடம், சிங்கப்பூர். 34வது பிரிவு வெளிநாட்டு அவார்டுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் பால்கோ வழக்கிலேயே சொல்லிவிட்டது.

நீங்கள் எழுதிய எட்டுப் பக்கத்தை மேலே சுருக்கியிருக்கிறேன். பையரின் துரோகமும் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும் நடுவரிடம் சொல்லியிருக்க வேண்டியவை. இனி எந்தக் கோர்ட்டும் அதற்குள் போகாது. சட்டப்படி உங்கள் கடிதத்தில் கனமான வரி ஒன்றுதான்: "படித்தேன், பதில் போடவில்லை." நோட்டீஸ் வரவேயில்லை என்றால், வெளிநாட்டு அவார்டை இங்கே நிறைவேற்றுவதை எதிர்க்க வழி தரும் 48வது பிரிவில் நிற்க ஓர் இடம் இருந்திருக்கும். அதை நீங்களே அடைத்துவிட்டீர்கள்.

சிங்கப்பூர் கோர்ட்டில் ரத்து கேட்க அவார்டு கைக்கு வந்ததிலிருந்து மூன்று மாதம். ஒரு நாள்கூட நீட்டித் தர அங்கே வழியில்லை. மீதி இருப்பது மூன்று வாரத்துக்கும் குறைவு. இந்த வாரமே அங்குள்ள வக்கீல் ஒருவரிடம் அவார்டைக் காட்டுங்கள். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. "அவார்டை நிறைவேற்றக் கேட்டு அவர்கள் சென்னை ஹைகோர்ட்டுக்கு வரட்டும், அஞ்சு வருஷம் இழுத்துவிடலாம்" என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். என்னிடம் வந்த கட்சிக்காரர்களில் இதை நம்பி மாட்டியவர்கள் உண்டு. பையர் இப்போது சும்மா இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்; நிறைவேற்ற மனுப் போட அவருக்கு மூன்று வருஷம் இருக்கிறது, 2020இல் வேதாந்தா வழக்கில் அது உறுதியானது. அதே 2020இல் பிரிஸ்மியன் வழக்கில், வெளிநாட்டு அவார்டை வலுவான காரணமில்லாமல் எதிர்த்தவர்கள் மேல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் செலவுத்தொகை போட்டது.

அதைவிட வலிப்பது டாலர். 2024இல் டிஎல்எஃப் - கொன்சார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: உங்கள் ஆட்சேபனை இறுதியாகத் தள்ளுபடியாகும் நாளின் மாற்று விகிதப்படிதான் ரூபாய்க் கணக்கு. 2021இல் டாலர் 74 ரூபாய் அளவில் இருந்தது. 2024இல் 83ஐத் தாண்டியது. 3 லட்சம் டாலருக்கு அந்த வித்தியாசமே 27 லட்சம் ரூபாய். அதற்கு மேல் வட்டி ஓடும். இழுக்க இழுக்க உங்கள் கடன்தான் வீங்கும். வழக்கு நடக்கும்போது கோர்ட்டில் டெபாசிட் கட்டினால், கட்டிய தொகைக்கு மட்டும் கட்டிய நாளின் விகிதம் நிற்கும். நடக்கும் வழக்கில் தப்பிக்க ஒரே சின்ன வழி அதுதான்.

கடைசிப் பக்கத்தில், நிட்டிங் மிஷின்களையும் குடோனையும் மனைவி பேருக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. சொத்து விவரத்தை அஃபிடவிட்டில் சத்தியம் செய்து தரச் சொல்வார்கள். அவார்டுக்குப் பிறகு எழுதிய செட்டில்மெண்ட் பத்திரத்தை யாரும் உண்மை என்று நம்ப மாட்டார்கள். மனைவியையும் கோர்ட்டுக்கு இழுப்பதுதான் மிச்சம்.

சமரசம் பேசுங்கள், அதுவும் மூன்று மாதம் முடிவதற்குள். ரத்து மனு வருமோ என்ற சந்தேகம் அவர்களுக்கு இருக்கும்வரைதான் உங்களிடம் பேரம் பேச ஏதாவது இருக்கிறது. வட்டியையும் செலவையும் விட்டுக்கொடுக்கச் சொல்லி, அசலைத் தவணையாகக் கேளுங்கள். கடைசித் தவணையோடு அவார்டு முழுதும் தீர்ந்தது, இனி எந்த நாட்டிலும் நிறைவேற்றக் கேட்க மாட்டோம் என்று எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை பையிங் ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். பேங்க் வழியாகத்தான் போக வேண்டும். முதல் தவணைக்கு முன்பே உங்கள் பேங்க் மேனேஜரிடம் அவார்டு நகலோடு போய், என்ன பேப்பர் கேட்பார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.