அமெரிக்காவுல எச்1பி விசாவுல வேலை பாத்துக்கிட்டே கனடா பி.ஆர். (நிரந்தரமா குடியிருக்கற உரிமை) போகாம வெச்சுக்க முடியுமா?

2024 ஆகஸ்ட்ல கனடாவுல லேண்ட் ஆகிட்டு (பி.ஆரா முதல் தடவை உள்ள வந்துட்டு) டல்லாஸுக்கே திரும்பிட்டேன், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கனடா வந்து ரெண்டு நாள் தங்கிட்டுப் போனா பி.ஆர். நிக்குமான்னு கேட்டிருக்கீங்க. நிக்காதுங்க. அப்படி ஒரு ரூலே கனடாவுல இல்ல. துபாய் ரெசிடென்ஸ் விசாவுக்கு இருக்கற 180 நாள் கணக்கும் க்ரீன் கார்டுக்காரங்க பேசற ஆறு மாசக் கதையும் ஒண்ணா கலந்து வாட்ஸ்அப் குரூப்புல சுத்துது, அதை நம்பிக்கிட்டு இருக்கறவங்க நிறைய பேர்.

கனடாவுல பாக்கறது ஒண்ணுதான், அஞ்சு வருஷத்துல 730 நாள் நீங்க நேர்ல கனடாவுக்குள்ள இருந்திருக்கணும். தொடர்ச்சியா இருக்கணும்னு இல்ல, விட்டு விட்டு இருந்தாலும் சரி, ஒரு நாள்ல கொஞ்ச நேரம் உள்ள இருந்தாலே அது முழு நாளா கணக்குல வரும். புதுசா லேண்ட் ஆனவங்களுக்கு, மிச்சம் இருக்கற காலத்துல 730 தேறுமான்னு பாப்பாங்க. உங்க கணக்குக்கு வாங்க, 2024 ஆகஸ்ட்லேருந்து 2029 ஆகஸ்ட் வரைக்கும் அஞ்சு வருஷம், அதுல ஏறக்குறைய மூணு வருஷம் வெளிய இருக்கலாம், அப்படின்னா 2027 ஆகஸ்ட்டுக்குள்ள பெட்டி கட்டிட்டு வந்துடணும், வந்த பிறகு ஊருக்கு ஒரு மாசம் போகணும்னாகூட அந்த ஒரு மாசத்துக்கு முன்னாடியே வந்திருக்கணும்.

2029-ல பி.ஆர். கார்டு ரின்யூ ஆயிடுச்சுன்னா மறுபடி மீட்டர் பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கும்னும் நெறைய பேர் நினைக்கறாங்க. இல்ல. ஆபீஸர் உங்களை எந்தத் தேதியில பாக்கறாரோ அந்தத் தேதியிலேருந்து அஞ்சு வருஷம் பின்னாடி எண்ணுவார். 2027 ஆகஸ்ட்லேருந்து 2029 ஆகஸ்ட் வரைக்கும் முழுசா இருந்துட்டு திரும்ப அமெரிக்கா போனீங்கன்னா 2032 ஆகஸ்ட் வரைக்கும் பிரச்சனை இல்ல, அதுக்கப்புறம் வெளிய இருக்கற ஒவ்வொரு நாளும் பழைய நாள் ஒண்ணு கணக்குலேருந்து கழண்டுக்கிட்டே வரும். கையில இருக்கற கார்டுல 2034-னு போட்டிருந்தாலும் அது உங்களைக் காப்பாத்தாது. அதே மாதிரி கார்டு எக்ஸ்பயர் ஆனதால மட்டும் ஸ்டேட்டஸும் போயிடாது, ரெண்டும் வேற வேற.

டொராண்டோ கம்பெனிக்கு டல்லாஸ்ல உக்காந்து ரிமோட்டா வேலை செஞ்சா நாள் சேருமான்னும் கேட்டிருந்தீங்க. அந்தக் கம்பெனி உங்களை ஃபுல்டைமா வெளிநாட்டு வேலைக்குன்னு அனுப்பி, முடிஞ்சதும் திரும்பி வந்து கனடாவுல அதே கம்பெனியில தொடரணும், அப்பதான் சேரும். வெளிய இருந்துக்கிட்டே கனடா கம்பெனியில சேர்ந்தேன்ங்கறது இதுல வராது. கணவனோ மனைவியோ கனடா சிட்டிசனா இருந்து அவங்களோட சேர்ந்து வெளிய வாழ்ந்தா அந்த நாளும் கணக்குல வரும், ஆனா உங்க ரெண்டு பேருக்குமே பி.ஆர்.தான்னு சொல்லியிருக்கீங்க, அதனால இது உதவாது.

நாங்க எடுத்த வழியைச் சொல்றேன். என் வீட்டுக்காரருக்கு டெட்ராய்ட்ல வேலை, எச்1பிதான். நாங்க குடியிருக்கறது எதிர்க்கரையில, கனடா பக்கம் இருக்கற விண்ட்சர்ல. நடுவுல ஒரு ஆறுதான், டன்னல்லயோ அம்பாசிடர் பாலத்துலயோ காலையில போய்ட்டு சாயங்காலம் வந்துடறார், எங்க பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவும் அப்படித்தான். தினமும் நாளோட ஒரு பகுதி கனடாவுல கழியறதால எல்லா நாளும் கணக்குல சேருது, எச்1பியும் அப்படியே இருக்கு. வரி மட்டும் ரெண்டு பக்கமும் ஃபைல் பண்ணணும், கனடாவுல உலக வருமானம் முழுக்கக் காட்டி அமெரிக்காவுல கட்டினதுக்கு கிரெடிட் எடுத்துக்கணும், நல்ல அக்கவுண்டன்ட் வேணும். உங்க கம்பெனிக்கு டெட்ராய்ட் பக்கம் ஆபீஸ் இருந்தா மேனேஜர்கிட்ட இப்பவே பேசிப் பாருங்க, வேலை செய்யற ஊரு மாறினா எச்1பி அமெண்ட்மென்ட் ஃபைல் பண்ணணும், அதுக்கு அவங்களுக்கும் டைம் வேணும்.

சரி, நாள் குறைஞ்சுட்டா என்ன ஆகும்? பி.ஆர். தானா செத்துப் போயிடாது. பார்டர்ல ஆபீஸர் ரிப்போர்ட் எழுதலாம், அது ரிமூவல் ஆர்டர் (நாட்டை விட்டுப் போகச் சொல்ற உத்தரவு) வரைக்கும் போகலாம், அதுக்கு 30 நாளுக்குள்ள அப்பீல் போடலாம், குழந்தை படிப்பு, வயசான அம்மா அப்பா உடம்பு சரியில்லைன்னு மனிதாபிமானக் காரணம் சொல்லலாம். ஆனா அமெரிக்காவுல சம்பளம் நல்லா இருந்துச்சு அதனால வரலைங்கறதை யாரும் காரணமா எடுத்துக்க மாட்டாங்க, அதை நம்பி நாளைக் கடத்தாதீங்க. கார்டு காலாவதியாயிட்டா ப்ளேன்ல ஏத்த மாட்டாங்க, பி.ஆர். ட்ராவல் டாக்குமென்ட் போடணும், போட்டா நாள் கணக்கை நோண்டுவாங்க. சொந்தக் கார்ல தரை வழியா வந்தா கார்டு இல்லாமயும் பார்டர்ல ஸ்டேட்டஸை நிரூபிச்சு உள்ள வரலாம்.

வேலை போனா அமெரிக்காவுல அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம், அந்த நேரத்துல நேரா கனடாவுக்குள்ள வந்து மறுநாளே வேலை தேடலாம்ங்கற உரிமை உங்க கையில இருக்கு. 2023 ஜூலையில எச்1பிக்காரங்களுக்குன்னு கனடா 10,000 வொர்க் பர்மிட் திறந்தப்ப ரெண்டு நாள்கூட தாங்கல, அவ்வளவு பேர் இதுக்கு ஏங்கறாங்க. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, ஆனா மனைவி மாசமா இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்களே. குழந்தை டல்லாஸ்ல பிறந்தா உங்க பி.ஆர். அதுக்குத் தானா ஒட்டிக்காது. நீங்கதான் தனியா ஸ்பான்சர் பண்ணணும், பி.ஆர். வெச்சிருக்கறவங்க ஸ்பான்சர் பண்ணணும்னா கனடாவுல குடியிருக்கணும், டல்லாஸ்ல இருந்துக்கிட்டு பண்ண முடியாது. குழந்தை விசிட்டரா உள்ள வரலாம், ஆனா ஹெல்த் கார்டு, டேகேர் இதுக்கெல்லாம் என்ன பண்றதுன்னு வர்றதுக்கு முன்னாடியே அந்தந்த மாகாணத்துல விசாரிச்சுடுங்க, 2027 ஆகஸ்ட்டுக்கு ஒரு ஆறு மாசம் முன்னாடியே வர்ற மாதிரி பாருங்க.