1960களின் அமெரிக்க மசில் கார் ஒன்றைக் கற்பனையாக, ஆனால் நம்பும்படி வடிவமைப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் ஒரு இணையப் போட்டிக்குத் தயாராகிறார். 1964க்கும் 1972க்கும் இடையில் அமெரிக்காவில் வந்திருக்கக்கூடிய, ஆனால் வராத ஒரு மசில் காரை வரைந்து, இன்ஜின் விவரங்களோடு அனுப்ப வேண்டும். இதுபோன்ற போட்டிகளில் நான்கு முறை கலந்துகொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மசில் காரை முதலில் வரையாதீர்கள். அது எந்தக் குடும்பக் காரிலிருந்து பிறந்ததோ, அந்த நான்கு கதவு செடானை முதலில் வரையுங்கள்.

மசில் கார் என்பது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. நடுத்தர அளவுள்ள சாதாரணக் காருக்குள் பெரிய காரின் இன்ஜினை இறக்கினார்கள், அவ்வளவுதான். 1964இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவான பான்டியாக், ஜிடிஓ காரைக் கொண்டுவந்த கதையே இதற்குச் சாட்சி. நடுத்தரக் கார்களில் சிலிண்டர்களின் கொள்ளளவு 330 கன அங்குலத்துக்கு மேல் உள்ள இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்குள் ஒரு விதி இருந்தது. பான்டியாக்கின் 326 கன அங்குல இன்ஜினும் 389 கன அங்குல இன்ஜினும் வெளி அளவில் ஒன்றே. சிறியது உட்காரும் இடத்தில் பெரியதும் அப்படியே உட்காரும். பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய பொறியாளர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். தனி மாடலாகக் கொண்டுபோனால் தலைமையின் அனுமதி வேண்டும் என்பதால், டெம்பெஸ்ட் என்ற தங்கள் நடுத்தரக் காருக்கு ஒரு கூடுதல் வசதித் தொகுப்பாக, 300 டாலருக்குச் சற்றுக் குறைவான விலையில் வைத்தார்கள். முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்றன. பிறகு எல்லா நிறுவனமும் அதே வழியில் இறங்கியது. 1968இல் கிறைஸ்லரின் பிளைமவுத் பிரிவிலிருந்து வந்த ரோடு ரன்னரின் உடம்பு, போலீஸ்காரர்களும் டாக்சிக்காரர்களும் ஓட்டிய பெல்வெடீரின் உடம்புதான்.

அதனால்தான் செடானில் தொடங்கச் சொல்கிறேன். முன்கண்ணாடியின் சாய்வு, டேஷ்போர்டின் உயரம், தரைத்தகடு, சஸ்பென்ஷன் எல்லாம் செடானிலிருந்து வருபவை. மசில் காருக்கென்று மாற்றக் கூடியவை கொஞ்சம்தான்: பானட், கிரில், சக்கரம், பட்டைக் கோடுகள், பின்விளக்கு, சில நேரம் கூரையின் பின்பகுதி. ஜெனரல் மோட்டார்ஸின் 1968 ஷெவெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கதவுக்கு வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 116 அங்குலம், இரண்டு கதவுக்கு 112. அந்த 4 அங்குலக் குறைப்பில்தான் இரண்டு கதவுக் கூபேயின் மூக்கு நீண்டு தெரிகிறது. சஸ்பென்ஷனும் அப்படித்தான். கிறைஸ்லர் வகைக் காரை வரைந்தால் முன்னால் டார்ஷன் பார் (முறுக்கித் தாங்கும் கம்பி), பின்னால் லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை வில்). ஜெனரல் மோட்டார்ஸ் நடுத்தரக் கார் என்றால் பின்னாலும் காயில் ஸ்பிரிங் (சுருள் வில்). இதை மாற்றிப் போட்டால், விஷயம் தெரிந்த நடுவர் ஒரு நொடியில் பிடித்துவிடுவார்.

என் முதல் காரில் நான் செய்த தவறு இதைவிடப் பெரியது. 1969 மாடல் என்று எழுதிவிட்டு, ஒல்லியான செவ்வக ஹெட்லைட் வைத்திருந்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைய அமெரிக்க விதிப்படி ஹெட்லைட் என்றால் வட்ட வடிவ சீல்டு பீம் (கண்ணாடியும் பல்பும் ஒன்றாக மூடிய விளக்கு) மட்டுமே. 7 அங்குலத்தில் இரண்டு, அல்லது 5¾ அங்குலத்தில் நான்கு. செவ்வகத்துக்கு 1975 மாடல்களில்தான் அனுமதி கிடைத்தது. என் கார் முதல் சுற்றிலேயே போனது. அன்றிரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. 1968 டாட்ஜ் சார்ஜர் ஏன் ஹெட்லைட்டை மூடிக்குள் ஒளித்துவைத்தது? விளக்கின் வடிவத்தை மாற்ற முடியாத வடிவமைப்பாளருக்கு, முன்பக்கத்தை ஒரே கரிய வாய்போலக் காட்ட அதுவே நல்ல வழியாக இருந்தது. அந்தக் காலத்து அழகில் பாதி இப்படி விதிகளோடு மல்லுக்கட்டியதில் பிறந்தது. அதன் பிறகு விதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆண்டைத் தேர்ந்தெடுத்தவுடன் இவற்றைப் பாருங்கள். 1968 ஜனவரி 1 முதல் தயாரான கார்களில் பக்கவாட்டில் முன்னால் ஆம்பர், பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ இருக்க வேண்டும். 1969 ஜனவரி 1 முதல் முன் இருக்கைகளில் தலை தாங்கி கட்டாயம். 1967 மாடல் என்று சொல்லிவிட்டுப் பக்க விளக்கு வைத்தாலும் தவறு, 1970 என்று சொல்லிவிட்டு வைக்காவிட்டாலும் தவறு.

அப்புறம் சக்கரம். இன்று கணினியில் கார் வரைகிற எல்லோருடைய கையும் தானாகவே 19, 20 அங்குலச் சக்கரத்துக்குப் போகிறது. அன்று 14 அல்லது 15 அங்குலம், அதன்மேல் தடித்த டயர் சுவர், பல கார்களில் சிவப்புக் கோடு. சக்கரம் உடம்பின் விளிம்புக்கு வராமல் சற்று உள்ளே தள்ளி நிற்கும். பார்க்க ஏதோ குறைவதுபோல் இருக்கும், பரவாயில்லை, அப்படியே விடுங்கள். அந்தக் குறைதான் காலத்தைச் சொல்கிறது.

குதிரைத்திறன் விஷயத்திலும் இதே நிதானம் வேண்டும். 600, 700 என்று எழுதி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். 1970 ஷெவெல் எஸ்எஸ் 454இன் எல்எஸ்6 இன்ஜினுக்கே நிறுவனம் சொன்னது 450. கிறைஸ்லரின் 426 ஹெமிக்கு 425. இவையும் கிராஸ் கணக்கு: ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், காரின் சொந்த சைலன்சர் எதுவும் இல்லாமல், இன்ஜினை மேடையில் ஏற்றி அளந்தவை. 1972 மாடல்களில் எல்லோரும் நெட் கணக்குக்கு (இவையெல்லாம் பொருத்தி அளப்பது) மாறியதால் தாளில் எண்கள் சரிந்தன. கூடவே, மாசு விதிகளுக்காகவும் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகவும் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையை அழுத்தும் அளவை) குறைத்ததால் உண்மையான திறனும் குறைந்தது. உங்கள் கார் 1970க்கா 1972க்கா என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த என் நான்காவது காரைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்டூடிபேக்கர் என்ற பழைய அமெரிக்கக் கார் நிறுவனம் 1963 டிசம்பரில் இண்டியானாவின் சவுத் பெண்ட் தொழிற்சாலையை மூடியது. மூடாமல் எப்படியோ தாக்குப்பிடித்து, 1968இல் ஒரு மசில் கார் செய்திருந்தால்? இதுதான் என் தொடக்கம்.

உடனே சிக்கல்கள் வரிசையாக வந்தன. கையில் பணம் இல்லாத நிறுவனம். அவர்களுடைய லார்க் காரின் உடம்புக்கூடு 1953இலிருந்து வந்தது. புதிய கண்ணாடிக்கோ புதிய கூட்டுக்கோ அச்சு செய்ய வழியில்லை. வி8 இன்ஜினை 304.5 கன அங்குலத்துக்கு மேல் பெரிதாக்க பிளாக்கில் இடமில்லை. மற்றவர்கள் 400ஐத் தொட்டுக்கொண்டிருந்த காலம் அது. முதலில் சோர்ந்துபோனேன். பிறகு அவர்களிடம் என்னென்ன இருந்தது என்று பட்டியல் போட்டேன். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜரைச் செய்யும் பாக்ஸ்டன் நிறுவனத்தை 1962இல் அவர்களே வாங்கியிருந்தார்கள். வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் குழு அவர்களுக்காக வடிவமைத்த அவந்தி காரில் முன் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. போட்டியாளர்களின் அடிப்படை மாடல்களில் 1968இலும் நான்கு பக்கமும் பழைய டிரம் பிரேக்தான்.

கார் அங்கிருந்து தானாக வளர்ந்தது. பெரிய இன்ஜினுக்குப் பதில், சூப்பர்சார்ஜர் வைத்த 304.5. ஆர்3 என்ற பெயரில் அவர்கள் உண்மையிலேயே குறைந்த எண்ணிக்கையில் செய்த இன்ஜின் அது, நிறுவனம் சொன்ன திறன் 335. நானும் ஒன்றுகூடக் கூட்டாமல் அதையே எழுதினேன். பானட்டில் காற்று இழுக்கும் இரட்டை மூக்குத்துளை வைக்கவில்லை. அவந்தியில் ஓட்டுநர் பக்கம் மட்டும் ஒரு மேடு உண்டு, அதை எடுத்துக்கொண்டேன். கண்ணாடி உயரமாக, உடம்பு போட்டியாளர்களைவிடக் குறுகலாக இருந்தது. அதை மறைக்க இடுப்புக்குக் கீழே தட்டையான கறுப்புப் பட்டை ஒன்றை நீளமாக ஓட்டினேன். பக்க விளக்குக்குப் புது அச்சு வேண்டாம் என்று சிறிய வட்ட விளக்கு. ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் ஒரு கணக்குப்பிள்ளை நிற்பதுபோல் நினைத்துக்கொண்டே வரைந்தேன். வேறு எந்தக் காரை வரைந்தபோதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கிடைத்ததில்லை.

பெயருக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம், ஆனால் பதிவான பெயர்களைச் சரிபாருங்கள். டேடோனா என்றதும் டாட்ஜ் நினைவுக்கு வரும். ஸ்டூடிபேக்கர் அதை 1962லேயே லார்க் காரில் பயன்படுத்திவிட்டது. ரோடு ரன்னர் என்ற கார்ட்டூன் பறவையின் பெயருக்காக பிளைமவுத் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தது. விலையையும் எழுதுங்கள். ரோடு ரன்னரின் தொடக்க விலை 3000 டாலருக்குள் இருந்தது. அதற்காகவே உள்ளே ஒற்றை நீள இருக்கை, கார்ப்பெட் இல்லாத ரப்பர் தரை. 20 வயதுப் பையன் மாதத் தவணையில் வாங்கக்கூடிய கார் என்பதை அந்த ரப்பர் தரை சொல்லும். தோல் இருக்கையும் மரப்பலகை டேஷ்போர்டும் வைத்தால் அது வேறு ஆளுக்கான காராகிவிடும்.

என் ஸ்டூடிபேக்கரோடு அதே தாளில் அதன் நான்கு கதவு அண்ணனையும் மஞ்சள் டாக்சியாக வரைந்து அனுப்பினேன். கதவுக் கைப்பிடியும் கண்ணாடியும் இரண்டிலும் ஒன்றே. நடுவர்கள் எழுதிய கருத்தில் பாதி அந்த டாக்சியைப் பற்றித்தான் இருந்தது. இரண்டாம் இடம் கிடைத்தது.

நீங்கள் எந்த நிறுவனத்தை, எந்த ஆண்டை எடுக்கப்போகிறீர்கள் என்று கருத்தில் எழுதுங்கள். அந்த நிறுவனத்தின் செடானில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று சேர்ந்து பார்ப்போம்.