அமெரிக்காவின் தொடக்ககாலத் தலைவர்களில் அதிகம் பேசப்படாத ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

ரோஜர் ஷெர்மன். மாமா எப்போதோ கொடுத்த இரண்டு டாலர் நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் பின்பக்கப் படத்தில் சுதந்திரப் பிரகடன வரைவை மேசையில் சமர்ப்பிக்கும் ஐந்து பேரில் ஆடம்ஸ், ஜெஃபர்சன், ஃப்ராங்க்ளின் மூவரையும் பலருக்குத் தெரியும். ஆடம்ஸை ஒட்டி நிற்பவர்தான் இவர். (மதிப்பில்லாத காகிதப் பணத்தைத் திட்டி 1752-இல் பிரசுரம் எழுதிய மனுஷன், கடைசியில் நோட்டிலேயே ஏறிவிட்டார்!)

தொழில் செருப்புத் தைப்பது. அப்பா இறந்த பிறகு, 1743-இல் மாசசூசெட்ஸிலிருந்து கனெக்டிகட்டுக்குக் குடிபெயர்ந்தார். நிலம் அளந்தார், பஞ்சாங்கம் போட்டார். கல்லூரிப் பக்கமே போகாமல், தானாகப் படித்து 1754-இல் வக்கீலானார். அடுத்த வருடமே காலனிச் சட்டமன்றத்தில் உறுப்பினர்.

பேச்சாளரா என்றால், இல்லவே இல்லை. கஞ்சி போட்ட துணி மாதிரி விறைப்பு, கையசைவில் நளினம் என்பதே கிடையாது என்று ஆடம்ஸ் 1775-இல் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் 1787-இல் அரசியல் சாசனம் எழுத பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டில், யாருக்கு எத்தனை இடம் என்று பெரிய மாநிலங்களும் சின்ன மாநிலங்களும் முட்டிக்கொண்டபோது, கீழவையில் மக்கள்தொகைப்படி இடம், மேலவையான செனட்டில் எல்லா மாநிலங்களுக்கும் சம இடம் என்ற வழியைச் சொன்னவர் இவர். ஜூன் 11-இல் சொன்னபோது எடுபடவில்லை. ஜூலை 16-இல் ஐந்து மாநிலங்கள் ஆதரவு, நான்கு எதிர்ப்பு என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. மக்கள்தொகை மிக அதிகமான கலிஃபோர்னியாவுக்கும் மிகக் குறைவான வயோமிங்குக்கும் இன்றும் தலா இரண்டு செனட்டர்கள்தான். அது நியாயமா என்ற சண்டையும் ஓயவில்லை.

எனக்குப் பிடித்தது 1789 சம்பவம். அப்போது அவர் பிரதிநிதிகள் சபையில் இருந்தார். உரிமைகள் பற்றிய திருத்தங்களை அரசியல் சாசனத்தின் வரிகளுக்கு உள்ளேயே செருகிவிடலாம் என்றார் அந்தத் திருத்தங்களைக் கொண்டுவந்த சக உறுப்பினர் மேடிசன். ஷெர்மன் விடவில்லை. பித்தளையையும் இரும்பையும் களிமண்ணையும் ஒன்றாகக் கலக்கப் பார்ப்பது போன்றது அது, மூலத்தில் கை வைக்காமல் கடைசியில் தனியாகச் சேருங்கள் என்றார். முதலில் தோற்றார், சில நாளில் சபை அவர் வழிக்கு வந்தது. முதல் திருத்தம், இரண்டாம் திருத்தம் என்று செய்திகளில் இன்று எண் போட்டுச் சொல்கிறார்களே, அந்தப் பிடிவாதத்தால் வந்ததுதான். இத்தனைக்கும், அந்தத் திருத்தங்களே தேவையில்லை என்றுதான் அவர் முதலில் வாதாடிக்கொண்டிருந்தார்.