வாசகர் கேள்வி – பதில்: நம் தீவில் காற்றாலை

கேள்வி: தமிழ்நாட்டுக்குச் சென்றிருந்தபோது ஆரல்வாய்மொழி வழியெங்கும் காற்றாலைகள் வரிசையாக நிற்கக் கண்டேன். இங்கே மொரீஷியஸில் பிளேன் தே ரோஷ் காற்றாலைப் பண்ணை ஒன்றோடு நின்றுவிட்டோம். நமக்குக் காற்று போதாதா, ஐயா?
— வாசகர், திரியோலே

பதில்: காற்றுக்குக் குறைவில்லை. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் தாங்கள் கண்ட இறகுகளைச் சுழற்றும் காற்றே நம் பக்கத்துக் கடலிலிருந்துதான் புறப்படுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான நம் குளிர்காலத்தில் நமக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் வலுத்து நிற்கும் உயரழுத்தப் பகுதியை, நம் தீவுக்கூட்டத்தின் பெயராலேயே மஸ்கரீன் உயரழுத்தம் என்று வானிலையாளர்கள் அழைக்கின்றனர். அங்கிருந்து வடமேற்கு நோக்கி வீசும் காற்று, நிலநடுக்கோட்டைக் கடந்ததும் புவியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேற்குப் பருவக்காற்றாக இந்தியாவைச் சென்றடைகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொன்ன அந்த ஆடி மாதத்தில்தான் இங்கேயும் தென்கிழக்குக் காற்று உரத்து வீசுகிறது.

ஆயினும் இரண்டு வேறுபாடுகள் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் காற்றைக் குவித்து வேகப்படுத்தித் தருவதால், சுமார் 1,500 மெகாவாட் திறனுள்ள காற்றாலைகளுக்கு முப்பந்தல் வட்டாரம் இடம் கொடுக்க முடிந்தது. நமக்கு அப்படியொரு கணவாய் இல்லை. இதைவிடப் பெரிய தடை புயல். காற்றாலைகளுக்கான பன்னாட்டுத் தரத்தில் வழக்கமான முதல் வகுப்பு எந்திரம், நொடிக்கு 70 மீட்டர், அதாவது மணிக்கு 252 கிலோமீட்டர் வேகச் சூறைவீச்சைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகிறது. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயலின்போது இங்கே மணிக்கு 280 கிலோமீட்டர் வேக வீச்சு பதிவாயிற்று. ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறை வந்தாலும் அத்தகைய புயல் முதலீட்டையே வாரிக்கொண்டு போய்விடக் கூடுமாதலால், கடன் கொடுப்பவரும் காப்பீடு செய்பவரும் தயங்குவதில் வியப்பில்லை.

இதற்கு ஒரு விடையை அண்டைத் தீவுகள் முன்பே கண்டுவிட்டன. ரொட்ரிக்ஸில் கிரெனாத் என்னும் இடத்திலும், ரியூனியனில் நம் தமிழ் வம்சாவளியினர் மிகுதியாக வாழும் செயின்த் சூசானிலும் நிறுவப்பட்ட பிரெஞ்சு எந்திரங்கள், அடிப்பகுதியில் கீல் வைத்துக் கம்பி வடங்களால் இழுத்து நிறுத்தப்பட்டவை. புயல் எச்சரிக்கை வந்தால் அவற்றைக் கோபுரத்தோடு தரையில் சாய்த்துவிடலாம். ஆனால் சாய்க்கத்தக்க அந்த எந்திரத்தின் திறன் 275 கிலோவாட்தான். 2016-இல் இயங்கத் தொடங்கிய பிளேன் தே ரோஷ் பண்ணையில் நிலையாக நிற்கும் 11 எந்திரங்கள் சேர்ந்து 9.35 மெகாவாட் திறன் பெற்றுள்ளன. அதே திறனைச் சாயும் எந்திரங்களால் பெற வேண்டுமாயின் 34 எந்திரங்களும் அவற்றின் வடங்களைக் கட்டுவதற்கான நிலமும் தேவைப்படும். கரும்பும் காடும் ஊரும் நெருக்கிக்கொண்டிருக்கும் தீவில் அந்த நிலத்தை யார் தருவார்? இதைவிடப் பெரிதாகப் பிளேன் சோஃபியில் எண்ணப்பட்ட பண்ணை கட்டப்படாமலே போனது. என் கருத்தில், நமக்குக் குறைவாக இருப்பது இடத்தேர்வில் உறுதியே.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போட முடியாத அளவுக்குக் காற்று அடிக்கிறது. சிறிய காற்றாலை ஒன்றை அங்கே பொருத்தினால் மின்கட்டணம் குறையுமா?
— வாசகி, காத்ர் போர்ன்

பதில்: வேண்டாம், அம்மா. துணியை அலைக்கழிக்கும் காற்று வேறு, இறகைச் சீராகச் சுழற்றும் காற்று வேறு. அக்கம்பக்கத்துச் சுவர்களிலும் மரங்களிலும் மோதிச் சுழித்து வரும் மாடிக் காற்று நொடிக்கொரு திசை மாறும். எந்திரம் மின்சாரம் தருவதைவிடத் திசை தேடித் திரும்புவதிலேயே பொழுதைக் கழிக்கும். மேலும், காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகம் இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால்தான் பெரிய எந்திரங்களை ஐம்பது மீட்டருக்கும் மேலே, தடையற்ற காற்றில் நிறுத்துகிறார்கள். இவை போதாதென்று கூரைக்குள் இறங்கும் அதிர்வும், புயல் நாளில் பிய்ந்து பறக்கும் இறகும் இருக்கின்றன. சிறிய அளவில் மின்சாரம் உற்பத்தி செய்து மின்கட்டமைப்பில் சேர்ப்போருக்கான திட்டத்தை மத்திய மின்சார வாரியம் 2010 முதல் நடத்திவருகிறது. அதில் காற்றுக்கும் இடமுண்டு என்றாலும், உங்கள் மாடிக்குச் சூரியத் தகடே பொருத்தம்.

கேள்வி: காற்று நின்றால் மின்சாரமும் நின்றுவிடும். அப்படியிருக்க, இதை நம்பத்தக்க ஆற்றல் மூலம் என்று பள்ளியில் எங்களுக்குக் கற்பிப்பது சரியா?
— மாணவர், ரோஸ் பெல்

பதில்: நல்ல ஐயம். எந்த ஒரு மூலத்தையும் தனியே நிறுத்தி இக்கேள்வியைக் கேட்டால் எதுவும் தேறாது. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, கப்பலில் வந்திறங்கும் எரிஎண்ணெயிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் கிடைக்கிறது; கப்பல் தாமதமானாலோ உலகச் சந்தையில் விலை ஏறினாலோ அதுவும் நம் கையில் இல்லை. கரும்புச் சக்கை அறுவடைக் காலமான ஜூன் முதல் டிசம்பர் வரைதான் எரிகிறது. சூரியன் மாலையில் மறைந்துவிடுகிறது. காற்றோ இரவென்றும் பகலென்றும் பாராமல், வெயில் மங்கிய குளிர்கால மாதங்களில் கூடுதலாக வீசுவதால், சூரியத் தகடு குறைவாகத் தரும் வேளையில் கைகொடுக்கிறது.

இதில் ஒரு முரணும் உண்டு. அதை மறைத்துவிட்டுக் காற்றாலையைப் பரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. குளிரூட்டிகள் ஓடும் கோடையில்தான் நம் மின்தேவை உச்சத்தை அடைகிறது. அப்போது காற்று தளர்ந்திருக்கும். வீசினால் புயலாக வீசும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் பெரும்பாலான எந்திரங்கள் பாதுகாப்புக்காகத் தாமாகவே நின்றுவிடும். தவிர, அண்டை நாட்டிலிருந்து மின்சாரம் வாங்கவோ விற்கவோ நமக்குக் கம்பித் தொடர்பு இல்லை. உச்சத் தேவை சுமார் 500 மெகாவாட் மட்டுமே உள்ள தனித்த மின்கட்டமைப்பில், ஐம்பது மெகாவாட் சட்டென்று குறைந்தால் அதன் அதிர்வெண்ணே, அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்னும் அளவே, தடுமாறும். அந்த இடைவெளியை நிரப்பவே வாரியம் பெரிய மின்கலத் தொகுதிகளை அமைத்துள்ளது. ஷாம்பாஞ் நீர்மின் நிலையத்தையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்: காற்று நன்றாக வீசும் பொழுது அணை நீரைத் திறக்காமல் வைத்திருந்து, மாலை ஆறு மணிக்கு மேல் விளக்கெரியும் வேளையில் பயன்படுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

இன்று காற்றின் பங்கு நம் ஆண்டு உற்பத்தியில் நூற்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. ஆகவே ‘நின்றுவிட்டால் என்ன ஆகும்’ என்ற அச்சத்துக்கு இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

கேள்வி: காற்றாலைக்கு ஆதரவு திரட்ட எங்கள் சங்கம் விரும்புகிறது. ஆனால் பறவைகள் அடிபடும் என்று சிலர் எதிர்க்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?
— சங்கச் செயலாளர், குட்லண்ட்ஸ்

பதில்: அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு என்று முதலில் சொல்லுங்கள். உலகில் வேறெங்கும் இல்லாத மொரீஷியஸ் வல்லூறும், மஸ்கரீன் தீவுகளுக்கே உரிய பழந்தின்னி வௌவாலும் நம்மிடம் வாழ்கின்றன. ஆகவே காட்டை ஒட்டிய மேட்டுநிலத்தைவிட, ஏற்கெனவே சாலையும் மின்கம்பியும் சென்றுள்ள கரும்பு நிலம் மேல். வௌவால் பறக்கும் அந்தி வேளையில், காற்று மெதுவாக வீசும்போது இறகை நிறுத்திவைக்கும் முறை பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. அதனால் இழக்கும் மின்சாரம் சொற்பமே. பெரிய மின்திட்டங்களுக்குரிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். உங்கள் சங்கம் அதை வாங்கிப் படித்து, எந்த இடத்தில் எத்தனை மாதம் காற்றும் பறவையும் கணக்கெடுக்கப்பட்டன என்று எழுத்து மூலம் கேட்குமானால், ஊர்வலத்தைவிட அதற்குப் பயன் அதிகம்.