நீருக்குள் மூலக்கூறுகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி: மருந்து மூலக்கூறு தனக்குரிய புரதத்தைத் தேடிச் சென்று பற்றிக்கொள்கிறது என்று எழுதுகிறார்கள். கண்ணும் இல்லாமல், அறிவும் இல்லாமல் அது எப்படித் தேடும்?

பதில்: அது தேடுவதில்லை. நீரில் கரைந்திருக்கும் எந்த மூலக்கூறும் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளின் ஓயாத மோதலால் திசையின்றி அலைகிறது. அந்த அலைச்சலில் உரிய புரதத்தின் மீதும் முட்டுகிறது, தொடர்பே இல்லாத புரதத்தின் மீதும் முட்டுகிறது. பொருந்தாத இடத்தில் முட்டியது கணத்தில் விலகிவிடும். பொருந்தும் இடத்தில் முட்டியது தங்கிவிடும். அடையாளம் காணுதல் என்று நாம் சொல்வது இந்தத் தங்கும் நேரத்தைத்தான். அந்த நேரம் எவ்வளவு மாறுபடும் என்பது என்னை எப்போதும் வியக்க வைக்கும். நீரில் இரண்டு நீர் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு (ஒன்றின் ஹைட்ரஜனுக்கும் மற்றொன்றின் ஆக்சிஜனுக்கும் இடையிலான மெல்லிய ஈர்ப்பு), ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்னும் அளவிலான நேரத்தில் அறுந்து வேறொன்றாக மாறிவிடுகிறது. முட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதமோ, பயோட்டின் என்ற வைட்டமினைப் பற்றிக்கொண்டால் அதை விடுவதற்கு மாதக்கணக்கில் ஆகிறது.

கேள்வி: மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளாலும் மின்னூட்டங்களின் ஈர்ப்பாலும் இணைகின்றன என்று பாடநூலில் படித்தேன். நீரும் அதே பிணைப்புகளைத் தரக்கூடியதுதானே? அப்படியானால் நீரை விட்டுவிட்டு இன்னொரு மூலக்கூறோடு சேர்வதால் என்ன ஆதாயம்?

பதில்: மிகச் சரியான கேள்வி, பல பாடநூல்கள் இதைத் தொடாமலே கடந்துவிடுகின்றன. படங்களில் மருந்தும் புரதமும் வெற்றிடத்தில் மிதப்பதைப் போல வரையப்படுகின்றன. உண்மையில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 55 மோல் நீர் மூலக்கூறுகள் உள்ளன. மருந்தின் ஒவ்வொரு ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஏற்கெனவே நீரோடு கைகோத்துத்தான் நிற்கிறது, புரதத்தின் பக்கமும் அவ்வாறே. இரண்டும் சேர வேண்டுமானால் முதலில் இருபுறமும் நீரை விட வேண்டும். இரண்டு பிணைப்புகள் அறுந்து, மருந்துக்கும் புரதத்துக்கும் இடையே ஒன்றும், விடுபட்ட நீர் மூலக்கூறுகளுக்கு இடையே ஒன்றும் உருவாகின்றன. கணக்கைக் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது சொற்பமே. எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பையும் நீர் சுமார் 80 மடங்கு குறைத்துவிடுகிறது.

அப்படியானால் ஹைட்ரஜன் பிணைப்பு பயனற்றதா என்றால், இல்லை. நீரை இழந்தபின் எதிரே துணை கிடைக்காத அணுவுக்கு இழப்பு முழுமையாக விழுகிறது. ஆகவே ஹைட்ரஜன் பிணைப்புகள் சரியானதை இழுத்துப் பிடிப்பதைவிடத் தவறானதை வெளியே நிறுத்துவதில்தான் பெரிதும் உதவுகின்றன என்பது என் கருத்து. வான்கோமைசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை எடுத்துக்கொள்வோம். அது பாக்டீரியாவின் செல்சுவர் உருவாகும் இடத்தில், டி-அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து அமைந்த ஒரு வால்நுனியை ஐந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றுகிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் கடைசி அலனினுக்குப் பதிலாக லாக்டிக் அமிலத்தை வைத்துவிடுகின்றன. அதாவது ஒரு நைட்ரஜனும் அதன் ஹைட்ரஜனும் இருந்த இடத்தில் ஓர் ஆக்சிஜன் வந்து அமர்கிறது. மாற்றம் அவ்வளவுதான், ஆனால் பற்றுதல் சுமார் 1,000 மடங்கு தளர்ந்துவிடுகிறது. இதில் ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்று போனதால் ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 10 மடங்குதான். மீதி 100 மடங்கு, மருந்தின் ஆக்சிஜனும் புதிய ஆக்சிஜனும் நேருக்கு நேர் நின்று ஒன்றையொன்று விலக்குவதால் வந்தது.

கேள்வி: அப்படியென்றால் இறுகப் பிணைக்கும் விசை எங்கிருந்து வருகிறது? எண்ணெய் போன்ற மூலக்கூறுகள் நீரை விட்டு ஒதுங்குவதை நீர்வெறுப்பு என்கிறார்களே, அதுவா?

பதில்: பெருமளவுக்கு அதுதான்; ஆனால் ‘வெறுப்பு’ என்ற சொல் வாசகரைத் தவறான திசையில் கொண்டுபோய்விடும். நீருக்கும் எண்ணெய்த் தன்மையுள்ள மூலக்கூறுக்கும் இடையே ஈர்ப்பு உண்டு. நீருக்குத் தன் இனத்தோடு உள்ள பிணைப்பு அதைவிட வலியது, அவ்வளவே. சைக்ளோடெக்ஸ்ட்ரினைப் பாருங்கள். ஆறு, ஏழு அல்லது எட்டு குளுக்கோஸ் அலகுகள் வளையமாகக் கோக்கப்பட்ட, அடியில்லாத கிண்ணம் போன்ற மூலக்கூறு அது. வெளிப்புறம் நீரோடு இணங்கிப் போகிறது. உட்குழியில் நீருக்குக் கைகொடுக்க அநேகமாக எதுவும் இல்லை. குழிக்குள் அகப்பட்ட சில நீர் மூலக்கூறுகள், வெளியே இருந்தால் கிடைக்கக்கூடிய பிணைப்புகள் அனைத்தையும் பெற முடியாமல் குறையோடு இருக்கின்றன. எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு மூலக்கூறு உள்ளே நுழைந்தால் அந்த நீர் வெளியேறித் தன் கூட்டத்தோடு சேர்கிறது. ஆதாயத்தின் பெரும்பகுதி அந்த வெளியேற்றத்தில் இருக்கிறது. புரதங்களின் பிணைப்புக் குழிகள் பலவற்றிலும் இதுவே நடக்கிறது.

கேள்வி: பூட்டும் சாவியும் என்ற பழைய உவமை இன்னும் செல்லுமா?

பதில்: எமில் ஃபிஷர் 1894-இல் நொதிகளுக்காகச் சொன்ன உவமை அது. பூட்டும் அசைந்து வடிவம் மாறும் என்பதை 1958-இல் டேனியல் கோஷ்லண்ட் சேர்த்தார். வடிவப் பொருத்தத்துக்கு உவமை இன்றும் நன்றாகவே உதவும். ஆனால் அதில் நீருக்கு இடமில்லை. எல்லா நீரும் வெளியேறிவிடுவதும் இல்லை. எச்.ஐ.வி.யின் புரோட்டியேஸ் என்ற, புரதங்களை வெட்டும் நொதியில் பல மருந்து மூலக்கூறுகள் பொருந்தும்போது, மருந்துக்கும் நொதியின் குழியை மூடும் இரு மடல்களுக்கும் நடுவே ஒரே ஒரு நீர் மூலக்கூறு பாலமாக நின்றுவிடுகிறது. 1994-இல் வேதியியலாளர்கள் வளைய யூரியா வகை மூலக்கூறுகளை உருவாக்கியபோது, அந்த ஒற்றை நீர் நின்ற இடத்தில் மருந்தின் சொந்த ஆக்சிஜனே வந்து நிற்கும்படி திட்டமிட்டு அமைத்தார்கள். நொதியும் மருந்தும் சேர்ந்த படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து பெற்ற படத்தில் அந்த நீர் இல்லை, ஆக்சிஜன் அங்கே இருந்தது.