பெட்டியில் வந்த 16 இன்ச் சைக்கிளை நானே மாட்டினேன். மகள் இரண்டு நாள் ஓட்டிவிட்டு இப்போது தொடவே மாட்டேன் என்கிறாள். பயமா, சைக்கிளில் கோளாறா?

பிள்ளையை ஒன்றும் சொல்லாதீர்கள். முதலில் சைக்கிளைப் பாருங்கள். நானும் ஒரு மாதம் என் மகளைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டிக்கொண்டிருந்தவள்தான்.

நாங்கள் பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம். வீட்டுக்காரருக்கு பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை, அதனால் தீபாவளிக்கு முன்பு வந்த பெட்டியைப் பிரித்து மாட்டியது நான். உள்ளே தகரத்தில் வெட்டிய ஒரு ஸ்பேனர், ஒரு எல் கீ, எறும்பு எழுத்தில் ஒரு தாள். ஒன்றரை மணி நேரத்தில் முடித்து, படம் எடுத்து, குடும்பத்து வாட்ஸ்அப்பில் போட்டுப் பாராட்டும் வாங்கிவிட்டேன்.

மகள் ஏறினாள். எங்கள் வீட்டுக்கு முன்னால் தார் ரோட்டில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. அதில் இறங்கியதும் சைக்கிள் நின்றுவிட்டது. அவள் மிதிக்கிறாள், பெடல் சுற்றுகிறது, பின் சக்கரமும் சுற்றுகிறது, சைக்கிள் மட்டும் நகரவில்லை. நான் "மிதி, மிதி" என்று கத்த, அவள் அழ, எதிர்வீட்டு ஆன்ட்டி வெளியே வந்துவிட்டார். குனிந்து பார்த்தேன். பக்கச் சக்கரங்கள் இரண்டும் பள்ளத்தின் இரண்டு கரையில் நிற்கின்றன, நடுவில் பெரிய சக்கரம் அந்தரத்தில் சுற்றுகிறது.

உங்கள் சைக்கிளிலும் முதலில் பார்க்கவேண்டியது இதுதான். மூன்று சக்கரமும் ஒரே மட்டத்தில் தரையைத் தொடும்படி மாட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தவறு. சமதரையில் சைக்கிளை நேராக நிறுத்தினால் பக்கச் சக்கரம் ஒவ்வொன்றும் தரையிலிருந்து அரை முதல் ஒரு சென்டிமீட்டர் மேலே இருக்கவேண்டும். பிள்ளையின் சுண்டுவிரலை அடியில் விட்டுப் பார்க்கலாம். அப்படி வைத்தால் சைக்கிள் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாயும். சாயட்டும். இல்லாவிட்டால் மேடுபள்ளத்தில் பின் சக்கரத்துக்குப் பிடிப்பே இருக்காது. மிதித்தாலும் போகாது, அதைவிட மோசம், பின் பிரேக் பிடித்தாலும் நிற்காது. பக்கச் சக்கரத்து நட்டுகள் தானாகத் தளரும், அதன் கம்பியும் மெல்ல வளையும், வாரம் ஒரு தடவை கைவைத்துப் பாருங்கள்.

அப்புறம் சீட். கடையில் வயதைக் கேட்டுத்தான் சைக்கிளைக் காட்டுவார்கள். வயதைவிடக் கால் முக்கியம். பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, கால்களுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தை மேலே முட்டும்வரை வைத்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்புவரை டேப் பிடியுங்கள். என் மகளுக்கு 45 சென்டிமீட்டர் வந்தது. நான் சீட்டை வைத்திருந்ததோ 52-ல், பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்து! அடிமட்டம்வரை இறக்கியதும்தான் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தன. அதுவரை முறைத்துக்கொண்டிருந்தவள் அன்றைக்குத்தான் சிரித்தாள். அடிமட்டம்வரை இறக்கியும் சீட் பிள்ளையின் கால் அளவைவிட உயரமாக இருந்தால், சைக்கிள் அவளுக்கு இன்னும் பெரியது. ஒரு வருஷம் மூடி வையுங்கள், அல்லது மாற்றுங்கள். பின்னால் உயர்த்தும்போது சீட் கம்பியில் ஒரு கோடு இருக்கும், அது வெளியே தெரியும்படி மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

"வளர்ற பிள்ளைதானே, பெரிசா வாங்கு" என்று என் மாமியார் சொன்னார். பள்ளிச் சட்டையைப் பெரிதாக வாங்கலாம், மடித்துத் தைக்கலாம். சைக்கிளை மடித்துத் தைக்க முடியாது. ஆர்மேனியன் ஸ்ட்ரீட் சுவரில் எர்னஸ்ட் ஸகரேவிச் 2012-ல் வரைந்த அக்கா தம்பியைப் பார்த்திருப்பீர்கள், நிஜ சைக்கிளில் உட்கார்ந்து சிரிக்கிற இரண்டு பிள்ளைகள். அது சுவர், அங்கே எந்த சைஸும் பொருந்தும்.

எடையையும் நினைத்துப் பாருங்கள். என் மகள் அப்போது 16 கிலோ, அந்த இரும்புச் சைக்கிள் 9 கிலோ. 70 கிலோ ஆளுக்கு 40 கிலோ சைக்கிளைக் கொடுத்து ஏற்றத்தில் மிதிக்கச் சொன்னது போல!

இன்னொரு கூத்து. இடது பெடல் ஆடுகிறது என்று பழைய சைக்கிள் கடை ஒன்றுக்கு எடுத்துப் போனேன். அங்கிள் பெடலைப் பார்க்கவே இல்லை. முன்பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இனி தெர்பாலிக்" என்றார், மலாயில் 'இது திரும்பியிருக்கிறது' என்று. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையே நான் பின்னோக்கித் திருப்பி வைத்து ஹேண்டலை மாட்டியிருக்கிறேன்! பெட்டிக்குள் இடம் அடைக்காமல் இருக்க ஃபோர்க்கைத் திருப்பி வைத்து அனுப்புவார்கள். கவனிக்காமல் அப்படியே மாட்டிவிடுகிற ஆள் நான் மட்டும் இல்லையாம். ஃபோர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்கவேண்டும், பிரேக் ஃபோர்க்குக்கு முன்னால் இருக்கவேண்டும். திரும்பியிருந்தால் பிள்ளையின் கால் முன் சக்கரத்தில் இடிக்கும்.

பிறகுதான் பெடலுக்கு வந்தார். பெடல் அச்சின் நுனியில் சின்னதாக எல், ஆர் என்று பொறித்திருக்கும். வலது பெடல் வழக்கம்போல இறுகும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும். நான் இரண்டையும் ஒரே மாதிரி முறுக்கி, இடது பக்க மரையைத் தின்றுவைத்திருந்தேன். அவர் மரையைச் சீராக்கி மாட்டிக் கொடுத்து 10 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். நினைவில் வைக்க ஒரு வழி சொன்னார்: எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரின் மேல்நுனி சைக்கிளின் முன்பக்கம் நோக்கிப் போனால் இறுகும். முதல் நாலைந்து சுற்று விரலாலேயே சுற்றுங்கள். விரலுக்கு இறங்காவிட்டால் பெடல் மாறியிருக்கிறது, அல்லது கோணலாக ஏறுகிறது.

பிரேக்கை நீங்கள் பிடித்துப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. பிள்ளையைப் பிடிக்கச் சொல்லுங்கள். என் மகளின் விரல் நுனிதான் பிரேக் பிடியைத் தொட்டது, இழுக்க முடியவில்லை. பிரேக் பிடியின் உள்பக்கம் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். அதை உள்ளே திருகினால் பிடி ஹேண்டலுக்குக் கிட்டே வரும். அதற்கேற்றபடி கேபிளையும் கொஞ்சம் சரி செய்யவேண்டி வரும். ரப்பர் கட்டை சக்கரத்தின் ரிம்மில் முழுதாகப் படவேண்டும், டயரில் உரசவே கூடாது. பிள்ளை இரண்டு விரலால் பிடித்து, தள்ளுகிற சைக்கிளை நிறுத்த முடிந்தால் போதும்.

கடைசியாக, முன் சக்கரத்தை உங்கள் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டலைத் திருப்பிப் பாருங்கள். ஹேண்டல் மட்டும் திரும்பினால் நடுவில் இருக்கும் எல் கீ போல்ட்டை இறுக்குங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. இந்தக் குட்டி டயர்களுக்குப் பெரும்பாலும் கார் டயர் மாதிரி வால்வுதான், பெட்ரோல் ஸ்டேஷனில் இலவசமாகக் காற்றடிக்கலாம். டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். நான் காற்றழுத்தம் 200 கேபிஏ வைக்கிறேன், எடை குறைந்த பிள்ளைக்கு அது தாராளம். டியூப் சிறியது, கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்துவிடும், பக்கத்திலேயே நில்லுங்கள். செயினை நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஒரு சென்டிமீட்டர் ஆடலாம். அதற்கு மேல் தொங்கினால் பின் சக்கர நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னே இழுத்து, நேராக நிற்கிறதா பார்த்து இறுக்குங்கள்.

துரு பினாங்கில் விடாது. சாயங்காலம் கடலோரத்தில், கர்ப்பால் சிங் டிரைவில் ஓட்டிவிட்டு வந்தால் உப்புக் காற்று, வீட்டு வாசலில் விட்டால் மழை. ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெயைச் செயினில் சொட்டுச் சொட்டாக விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் மண் ஒட்டி மாவாகிவிடும். ரிம்மில் மட்டும் எண்ணெய் படக்கூடாது, பிரேக் வழுக்கும். ஹேண்டலின் பளபளப்பில் துரு பிடித்தால் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், போய்விடும்.

பக்கச் சக்கரத்தைக் கழற்றும் நாள் வந்தால் இரண்டு பெடலையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள். சீட் தாழ்வாக இருக்கட்டும், பிள்ளை காலால் உந்தி உந்திப் போகட்டும். லேசான சரிவு இருந்தால் இன்னும் நல்லது. எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. கால்களைத் தூக்கிக்கொண்டு பத்தடி மிதந்து போனாள் என்றதும் பெடலைத் திரும்ப மாட்டினேன். அதற்குள் பாலர் பள்ளியில் எழுத்துகள் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அச்சு நுனியைத் தடவிப் பார்த்து, "அம்மா, இது எல், அந்தப் பக்கம்" என்று எடுத்துக் கொடுத்தது அவள்தான்.